படி 7

மேசை மேல் இருக்கும்வரை எல்லா போர்டும் சமர்த்துதான். யூஎஸ்பி கேபிளைச் செருகினால் போர்டு எழுதுவதெல்லாம் லேப்டாப்பில் சீரியல் மானிட்டர் என்ற ஜன்னலில் தெரியும். தொட்டிக்கு மேலே பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகுதான் வேலையைக் காட்டும். சென்சாரைப் படிக்க எனக்கு வாய்த்த இஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தானாகவே ரீசெட் ஆனது. அதுவரை லேப்டாப்போடு ஏணியில் உட்கார்ந்திருக்க முடியுமா?

சரி, லாக்கை, அதாவது போர்டு எழுதும் குறிப்புகளை, சர்வருக்கே அனுப்பிவிடலாம் என்று அதற்கென்றே இருக்கும் சிஸ்லாக் முறையைப் பிடித்தேன். லைப்ரரிகூடத் தேவைப்படவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட்டை வீசும் யூடிபியில் 514ஆம் போர்ட்டுக்கு ஒரு வரி எழுதினால் போதும். வரியின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் ஓர் எண்: லோக்கல்0 என்ற வகைக்கு 16, அதை 8ஆல் பெருக்கி, சாதாரணத் தகவலுக்கான 6ஐக் கூட்டினால் 134. பிழை என்றால் 131. போர்டுக்கு மணி தெரியாது, பூட் ஆனதும் 1970 என்றது. நேரம் போடுகிற வேலையை சர்வரிடமே விட்டேன்.

அடுத்த நாளே நிலைமை மோசமானது. வைஃபை அறுந்தால் லாக் அனுப்பு என்று எழுதியிருந்தேன். அனுப்ப முடியாவிட்டால் அதையும் லாக்காக அனுப்பு என்றும் எழுதியிருந்தேன். தன்னைத் தானே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸ்டாக் என்ற நினைவகப் பகுதி நிரம்பிச் செத்தது. (அதைச் சோதித்துப் பார்த்ததாக வேறு நினைவு.)

அதைச் சரிசெய்து ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் போட்டேன். 4117, 4118, அப்புறம் 1. ரீசெட் ஆனது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அனுப்பும் ஃபங்ஷன் 'சரி' என்று திரும்பினாலும் பாக்கெட் அப்போதே கிளம்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குள் ப்ரோகிராம் எங்காவது மாட்டிக்கொண்டால் கடைசி வரி உள்ளேயே செத்துப்போகும். நமக்கு வேண்டியதோ அந்த வரிதான்.

இந்த சிப்பில் ஆர்டிசி மெமரி என்று நம் உபயோகத்துக்கு 512 பைட் உண்டு. கரன்ட் போனால் அழியும், மாட்டிக்கொண்ட ப்ரோகிராமைப் பார்த்து வாட்ச்டாக் என்ற டைமர் செய்யும் ரீசெட்டுக்கு அழியாது. ஒவ்வொரு வேலைக்கு முன்பும் அதில் படி எண்ணைக் குறித்துவைத்து, பூட் ஆனதும் முதல் வரியாக அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வந்தது: 'வாட்ச்டாக், படி 7'. சென்சாரின் பதில் வரும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் வைல் லூப். இவ்வளவு நேரம்தான் என்ற டைம்அவுட் கிடையாது. நான் எழுதியதுதான்.

இப்போது 200 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருப்பதில்லை. ரீசெட்டும் இல்லை. 'சென்சார் பதில் இல்லை' என்று அவ்வப்போது ஒரு 131 வருகிறது. கனெக்டர் லூஸ் போலிருக்கிறது. ஏணி ஏறித்தான் ஆக வேண்டும்.