சேரின் சோக்குக் கோடு

நாற்பது வருசமாக வெளியுறவுக் கொள்கை படிப்பிக்கிற எங்கள் சேர் நேற்று நல்லூரில் பேசினார். வரவேற்புரை, ஆசியுரை, பொன்னாடை முடியவே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. சரி, எங்கள் ஊர் வழக்கம்தானே.

கையில் குறிப்பு ஒன்றும் இல்லை. பலகையில் சோக்கால் பாக்குநீரிணையைக் கீறினார். 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு கச்சதீவு கடல் எல்லைக்கு இங்கால், இலங்கைப் பக்கம் வந்தது. 1976இல் கோடு மன்னார் வளைகுடாவுக்கும் நீண்டது. "கையெழுத்து டெல்லியும் கொழும்பும். வலை குருநகரும் ராமேஸ்வரமும்," என்றார், இரண்டு கரை மீனவரையும் சொல்லி.

பின்வரிசையிலிருந்து ஒரு ஐயா எழும்பினார். "சேர், அறுந்த வலைக்கு ஆரிட்டைப் போறது?"

சேர் சோக்கை வைத்துவிட்டு மேடையால் இறங்கிப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நன்றியுரை தொடங்கியும் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள்.