சாம்பல் பெய்யும் ஊரில் மூன்று நாள்

ஃபுகுவோகாவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஜப்பானின் கியூஷு தீவில், தெற்குக் கோடியில் காகோஷிமா. நிலையத்தை விட்டு வெளியே வந்து டிராமில் கடற்கரைப் பக்கம் போனபோதே மலை தெரிய ஆரம்பித்துவிட்டது. சகுராஜிமா. விரிகுடாவுக்கு நடுவில் 1,117 மீட்டர் உயரம். உச்சியில் ஏதோ மேகம் என்று நினைத்தேன். "மத்த மேகமெல்லாம் நகருது, இது மட்டும் மலையிலேருந்து முளைக்குது பாருங்க," என்றாள் என் மனைவி.

1955-லிருந்து ஏறக்குறைய ஓயாமல் பொங்கிக்கொண்டிருக்கிற எரிமலை இது. சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் நகரம் எதிர்க்கரையில், அதுவும் படகில் 15 நிமிட தூரத்தில் இருக்கிறது. எனக்கு இது எத்தனை முறை சொன்னாலும் பழகாத விஷயம். அந்தப் படகில் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், காய்கறி ஏற்றிய வண்டி போகிறது, நின்றபடியே உதோன் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட ஒரு கடையும் இருக்கிறது. மேல்தளத்தில் நின்று மலையையே பார்த்தபடி வந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

தீவில் பொதுமக்கள் போகக்கூடிய மிக உயரமான இடம் யுனோஹிரா, 373 மீட்டர். பேருந்து அங்கே வரை போகும். வாய்க்குழியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் யாரும் நுழையக் கூடாது. நாங்கள் போய் அரைமணி இருக்கும். உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒன்று எழும்பியது, பஞ்சு மூட்டை பிரிந்து மேலே போவது போல. சத்தமே இல்லை. அப்புறம், எட்டு ஒன்பது வினாடி கழித்து, நெஞ்சில் வந்து இடித்தது அந்த ஒலி. மூன்று கிலோமீட்டர் தூரத்தை ஒலி கடந்து வர அவ்வளவு நேரம் ஆகும் என்று பள்ளியில் கணக்குப் போட்டிருக்கிறேன். உடம்பில் உணர்ந்தது அன்றுதான்.

கிழக்குப் பக்கம் குரோகாமி என்ற ஊரில் ஒரு தோரி இருக்கிறது. தோரி என்பது ஜப்பானின் ஷிண்டோ மதக் கோயிலின் வாசல் வளைவு. மூன்று மீட்டர் உயரம் இருந்தது, இப்போது மேல்பகுதி ஒரு மீட்டர்தான் மண்ணுக்கு வெளியே. 1914 ஜனவரி 12 அன்று தொடங்கிய பெருவெடிப்பின் சாம்பலும் கற்களும் ஒரே நாளில் அதை மூடின. ஊர்க்காரர்கள் தோண்டி எடுக்கத் தொடங்கியபோது, வரப்போகிற தலைமுறை பார்க்கட்டும், அப்படியே விடுங்கள் என்று அன்றைய ஊர்த்தலைவர் தடுத்துவிட்டாராம். அதே வெடிப்பில் வழிந்த குழம்பு, 400 மீட்டர் அகலக் கடலைத் தூர்த்து, தீவை நகரத்துக்கு மறுபக்கத்தில் இருக்கும் ஒசுமி தீபகற்பத்தோடு ஒட்டவைத்துவிட்டது. பெயரில் மட்டும் இன்னும் 'ஜிமா', அதாவது தீவு.

என்னை அதிகம் பாதித்தது ஓர் ஆரம்பப் பள்ளி வளாகத்தில் நிற்கும் நினைவுக்கல். வெடிப்புக்கு முன் நிலம் அடிக்கடி அதிர்ந்தது, கிணற்று நீர் கொதித்தது. ஊர்த்தலைவர் வானிலை நிலையத்தைக் கேட்டார். இங்கே வெடிக்காது என்று பதில் வந்தது. 1779-இல் மலை வெடித்த கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தவர்கள் படகேறிவிட்டார்கள். பதிலை நம்பித் தங்கியவர்கள் கடைசி நேரத்தில் ஜனவரிக் குளிர்க்கடலில் குதிக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை வந்த நிலநடுக்கத்தையும் சேர்த்து, இறந்தும் காணாமலும் போனவர்கள் 58 பேர். ஏட்டறிவை நம்பிக் காத்திருக்காதீர்கள், அறிகுறி கண்டால் உடனே கிளம்புங்கள் என்கிறது கல். இன்று இதே மலையைக் கருவிகள் இரவு பகலாகக் கவனிக்கின்றன. 2022 ஜூலை 24 இரவு எச்சரிக்கையை ஐந்தாம் நிலைக்கு, அதாவது உச்சத்துக்கு, உயர்த்தி அருகில் இருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். கருவியும் கண்ணில் படும் அறிகுறியும் இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் சரி என்று அந்தக் கல்லின் முன் நின்றபோது எனக்குப் பட்டது.

மாலையில் நாகிசா பூங்காவின் கால்குளியலுக்கு வந்தோம். நூறு மீட்டர் நீளத் தொட்டி, காசில்லை. ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து வரும் செம்பழுப்பு வெந்நீர். முழங்கால் வரை சுருட்டிவிட்டுக் காலை விட்டதும் நாள் முழுக்க நடந்த வலி இறங்கிப் போனது. அப்போதுதான் சாம்பல் பெய்தது. அடுப்புச் சாம்பல் போல மெத்தென்று இல்லை, நறநறவென்று இருந்தது. பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும்தானே அது. கண்ணைக் கசக்கப் போன என் கையைப் பக்கத்தில் இருந்த பாட்டி பிடித்துத் தடுத்து, தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். கழுவத்தான் வேண்டும், கசக்கக் கூடாது. போகிறவர்கள் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

நகரத்துத் தெருமுனைகளில் மஞ்சள் நிறப் பைகளைக் கட்டிவைத்திருந்தார்கள். அவரவர் வாசலில் பெருக்கிய சாம்பலை அந்தப் பையில் போட்டு வைத்தால் மாநகராட்சி எடுத்துப் போகும். பையின் பெயருக்கு 'சாம்பலை வெல்லும் பை' என்று அர்த்தம்.

மறுநாள் ரயிலில் ஒரு மணி நேரம் போய் இபுசுகியில் மணல்குளியல். கடற்கரைக்கு அடியில் வெந்நீர் ஓடுவதால் மணலே 50 டிகிரிக்கு மேல் சுடுகிறது. யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியை உடுத்திப் படுத்தால், மண்வெட்டியால் கழுத்து வரை மூடிவிடுகிறார்கள். கனம்தான் முதலில் தெரிந்தது, சூடு மெல்ல வந்தது. கொஞ்ச நேரத்தில் விரல்நுனியில்கூட நாடி துடித்தது. காதில் அலை. பத்து நிமிடம் போதும் என்கிறார்கள், எனக்கும் போதுமாக இருந்தது. பிறகு மணலைக் கழுவிவிட்டு ஓன்சென் என்ற வெந்நீரூற்றுத் தொட்டியில் இறங்க வேண்டும். ஆடையில்லாமல்தான், ஆண் பெண் தனித்தனியாக. முதல் ஐந்து நிமிடம் கூச்சமாக இருந்தது, யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை விடுதி அறையில் தொலைக்காட்சியைப் போட்டோம். இந்த ஊர் வானிலை அறிக்கையில் மலைக்கு மேல் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று தனியாகச் சொல்வார்கள். கிழக்குக் காற்று, நகரத்தைப் பார்த்து. இரவு துவைத்துப் போட்ட துணிகளை இரண்டு பேருமாக மாடத்திலிருந்து உள்ளே எடுத்தோம். எதிர் மாடியிலும் ஒரு பெண்மணி அதையேதான் செய்துகொண்டிருந்தார்.