கழிவுநீர் நிலைய விரிவாக்கம்: எங்களை அலையவைத்த இரண்டு தாள்கள்

எங்கள் நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 20 லட்சம் லிட்டருக்குக் கட்டியது. புறவழிச்சாலை ஓரம் புது நகர்கள் வந்தபிறகு, காலை நேரத்து வரத்தை அதனால் தாங்க முடியவில்லை. பாதி தெளிந்த நீர் ஓடையில் போனது. இன்னொரு 20 லட்சம் லிட்டர் சேர்க்கத் திட்டம் போட்டோம். நிதி, டெண்டர் எல்லாம் நான் பயந்த அளவுக்கு இல்லை. இரண்டு தாள்கள்தான் உயிரை வாங்கின.

முதல் தாள் நிலம். பழைய நிலையத்தை ஒட்டிய இடம் எங்களுடையது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டைப் பார்த்தால் இன்னமும் மேய்க்கால் புறம்போக்கு, அதாவது மேய்ச்சலுக்கு விட்ட அரசு நிலம். நில மாற்ற ஆணை எப்போதோ வந்திருக்கிறது. கணக்கில் யாரும் ஏற்றவில்லை. தாலுகா அலுவலகம் போனேன். "ஜமாபந்தி நடக்குது சார், முடிஞ்சதும் வாங்க" என்றார் எழுத்தர். திரும்பி வந்துவிட்டேன். அதுதான் தப்பு. ஜமாபந்தி என்பது வருடாந்திரக் கணக்குத் தணிக்கை; அதில்தான் கிராமக் கணக்கு அத்தனையும் மேசைமேல் இருக்கும், மனுவும் அங்கேயே வாங்குவார்கள். அன்றைக்கே கொடுத்திருந்தால் அதற்குப் பிறகான மூன்று நடை மிச்சம். ஆணையின் நகல் கடைசியில் எங்கள் அலுவலகப் பழைய கோப்பு ஒன்றில்தான் கிடைத்தது. டெண்டருக்கு முன்னாலேயே புல எண்ணை வைத்து 'அ' பதிவேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது தாள் நீர்வரத்துக் கணக்கு. பழைய நிலையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி) இருந்தாலும், விரிவாக்கத்துக்குத் தனியாக நிறுவுவதற்கான இசைவாணை வேண்டும். 30,000 பேர், ஆளுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று கையேட்டுக் கணக்குப்படி 32.4 லட்சம் லிட்டர் காட்டி விண்ணப்பித்தோம். "இப்ப நிஜமா எவ்வளவு வருது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பதிவேட்டைத் திறந்தால் ஆறு மாதமும் தினமும் ஒரே எண். மீட்டர் எப்போதோ நின்றுபோயிருந்தது. யாரோ பழைய எண்ணையே எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்த எண்ணை நம்பியிருந்தால் இந்த விரிவாக்கமே தேவையில்லை என்று ஆகியிருக்கும்.

புது மீட்டர் வர மாதக் கணக்கில் ஆகும் என்றார்கள். வழி சொன்னவர் எங்கள் பம்ப் ஆபரேட்டர் அண்ணன். "பம்பை அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க சார், கிணத்துல தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு பாத்தா தெரிஞ்சுடும்." ஊர்க் கழிவுநீர் வந்து சேரும் சேகரிப்புக் கிணறு 6 மீட்டர் விட்டம். ஒரு சென்டிமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 283 லிட்டர். மேலே நின்றபடியே அளவுகோலை இறக்கி, ஒரு வாரம் இரவு பகலாக மணிக்கொரு தடவை அளந்தோம். யாரும் உள்ளே இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. அங்கே தேங்கும் வாயு ஆளைக் கொல்லும். காலை 7 மணிக்கு ஐந்து நிமிடத்தில் 70 சென்டிமீட்டர், அதாவது 20 ஆயிரம் லிட்டர். விடியற்காலை 3 மணிக்கு வெறும் 8. ஒரு நாளின் மொத்தம் 24 லட்சத்தைத் தொட்டது.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி நல்ல மழை. அதே 3 மணிக்கு 35 சென்டிமீட்டர்! ஊரே தூங்குகிற நேரத்தில் அவ்வளவு கழிவுநீர் எங்கிருந்து வரும்? மறுநாள் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தோம். மொட்டைமாடிக் குழாயைச் சாக்கடை இணைப்பில் சேர்த்துவிட்ட வீடுகள் வரிசையாகக் கிடைத்தன. அப்புறம் ஒரு மேன்ஹோலில் செப்டிக் டேங்க் லாரி கொட்டிய தடமும். இதையெல்லாம் அடைக்காமல் தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் மழைத்தண்ணீருக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டிருப்போம்.

இந்த அளவுகளை இணைத்து அனுப்பியதும் இசைவாணை வந்துவிட்டது. இன்னொன்று: 2017 அறிவிக்கையில் பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு, வெளியே விடும் நீரின் பிஓடி (அதிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் 10-க்கு இறுக்கியது. எங்கள் முதல் அறிக்கை 30-ஐ வைத்து எழுதியது, மாற்றி எழுத வேண்டியதாயிற்று. நீங்கள் தொடக்கத்திலேயே 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானத்தில் சொல்ல ஒன்றுமில்லை. புதுத் தொட்டியை ஓட்டத் தொடங்கியபோது, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வளர சாணி கரைத்து ஊற்றலாம் என்றார் ஒப்பந்தக்காரர். பக்கத்துத் தொட்டியிலேயே உயிருள்ள சேறு இருக்கும்போது சாணி எதற்கு? நல்ல சேற்றை அதிலிருந்தே பம்ப் செய்து விட்டோம். பத்தாம் நாள், சேறு நன்றாகப் படிகிறதா என்று பார்க்க, தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தோம். பழுப்புச் சேறு பஞ்சு பஞ்சாகத் திரண்டு 280 மில்லி கோட்டில் போய் உட்கார்ந்தது. மேலே இருந்த தண்ணீர் வழியாகப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரின் தேதியைப் படிக்க முடிந்தது. ஆபரேட்டர் அண்ணன் அந்தக் குடுவையை அன்று முழுக்கக் கொட்டவிடவில்லை.