'திடீர்னு' நடந்த கொலைகள்

ராத்திரி பாத்திரம் கழுவும்போது காதில் குற்றக்கதை பாட்காஸ்ட் ஓடினால்தான் எனக்கு வேலை ஓடும். கணவனோ காதலனோ கொலை செய்த கதைகளில் வரும் ஒரு வசனம், கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்டது: "நல்லாத்தான் இருந்தாங்க, திடீர்னு கோபத்துல இப்படி ஆயிடுச்சு."

திடீர் எல்லாம் இல்லை. பிரிட்டனில் ஜேன் மாங்க்டன் ஸ்மித் என்ற குற்றவியல் ஆய்வாளர் (முன்னாள் போலீஸ்காரர்) துணையே செய்த 372 கொலைகளை அலசி, அவற்றில் எட்டுக் கட்டங்கள் திரும்பத் திரும்ப வருவதை 2019இல் காட்டினார். அவசர அவசரமாகக் காதல், அப்புறம் கட்டுப்பாடு, பிரிவுப் பேச்சு. கடைசிக்கு முந்தைய கட்டம் என்ன தெரியுமா? திட்டமிடுதல். கோபத்தில் யார் சார் திட்டம் போடுகிறார்கள்?

என்னை உலுக்கியது வேறு. துணை ஒருமுறை ஒரு பெண்ணின் கழுத்தை நெரித்திருந்தால், பின்னாளில் அவன் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்கிறது 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு. பல சமயம் கழுத்தில் தடம்கூட இருக்காது. "உடனே விட்டுட்டார், அப்புறம் அழுதார்" என்று அவளே சமாதானம் சொல்வாள்.

ஹாஸ்டலில் ஒருத்தி இருந்தாள். எங்கே போனாலும் காதலனுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும், சுவர்க் கடிகாரமும் தெரிய வேண்டும். "என்ன அக்கறை!" என்று நாங்கள் கிண்டலடித்தோம்.

நேற்று அவளுக்குப் போன் பண்ணினேன். அவனை விட்டு வந்து வருடங்கள் ஆகிறதாம். நம்பரை மட்டும் மூன்று தடவை மாற்றியிருக்கிறாள்.