மாப்பிள்ளைத் தலையணை

முந்தாநாள் இரவு பன்னிரண்டு மணிக்கு, ஹூஸ்டனில் இரண்டு கார் வைத்திருக்கும் எங்கள் அத்தான், புறவாசல் கிணற்றடியில் இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் வாளி வாளியாக இறைத்து அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி மாடி விளக்கைப் போட்டுவிட்டு, "யாரு தம்பி, பெரியவங்களா?" என்று துக்க வீட்டுக் குரலில் கேட்டார். நடுச்சாமத்தில் தலைமுழுகினால் அவர் வேறு என்னதான் நினைப்பார்?

எல்லாம் அந்த மாடி அறையால் வந்தது. அதைப் பற்றி நான் புலம்பாத கத்திரி கிடையாது. பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கும் காங்கிரீட், நாம் விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அதைக் கக்கத் தொடங்கும். மே மாதத்தில் அங்கே ஓர் அப்பளத்தை வைத்தால் தானே பொரிந்து, வாசம் கல்லிடைக்குறிச்சி வரை போகும். கட்டும்போதே மேலே சூட்டைத் தடுக்கும் தட்டை ஓடு பதித்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னாராம். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் அப்பா. அது 1994.

இந்த வருஷமாவது கூரைச் சூட்டுக்கு ஒரு தடுப்புப் போட்டுவிடுவது என்று கிளம்பிப் போய், அதற்கான பொருள்களில் இரண்டு மாதிரிகள் வாங்கி வந்தேன். ஒன்று ஸ்பிரே ஃபோம். தெளித்து இறுகிய நுரை, செங்கல் அளவில், செங்கல் போலவே கனக்கும் என்று தூக்கினால் கை ஏமாந்துபோகும். இன்னொன்று ஃபைபர் கிளாஸ். கண்ணாடியை உருக்கிப் பஞ்சுமிட்டாய் போலச் சுழற்றி இழுத்த மஞ்சள் பஞ்சு, பாலித்தீன் உறைக்குள் இரண்டடித் துண்டு.

அத்தான் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார். சொதிச் சாப்பாடு முடிந்ததும் பட்டாசாலில் வழக்கு தொடங்கியது. நான் நுரைக் கட்சி. குமிழிகள் மூடி இறுகிய வகை நுரைக்கு அங்குலத்துக்கு வெப்பத்தடை எண் 6 இருக்கிறது, பஞ்சுக்கு 3 சொச்சம்தான், நம் வீட்டு 5 அங்குலக் காங்கிரீட்டுக்கோ மொத்தமாகவே ஒன்று தேறாது என்று, கடைக்காரர் தந்த தாளை ஆட்டி ஆட்டிப் பேசினேன். அத்தான் அசரவில்லை. நுரை விலை அதிகம். இரண்டு ரசாயனத்தைக் குழாய் முனையில் கலந்து அடிக்கிறவன் முகமூடி போட்டுக்கொண்டு வருவான், வீட்டுக்காரர்கள் ஒரு நாளாவது வெளியேற வேண்டும். கலவை பிசகினால் நாற்றம் போகாது. ஒட்டிய நுரையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பஞ்சு என்றால் மரச்சட்டங்களுக்கு நடுவே விரித்தால் வேலை முடிந்தது என்றார்.

"நம் வீட்டில் மரச்சட்டம் எங்கே இருக்கிறது அத்தான்? தளத்துக்குக் கீழே இன்னொரு கூரை கட்டித்தான் அதைத் திணிக்க வேண்டும். எலி அங்கே பேரன் பேத்தி எடுத்துவிடும். பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. நனைந்தாலும் அமுங்கினாலும் போயிற்று. நுரையென்றால் மொட்டை மாடியிலேயே அடிக்கலாம்."

"அடித்துவிட்டுச் சும்மா விட முடியுமா? வெயில் பட்டால் நுரை பொடிந்துவிடும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு வேண்டும். அந்தச் செலவைச் சொன்னானா உன் கடைக்காரன்?"

சொல்லவில்லைதான். நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். வென்ற மகிழ்ச்சியில் அத்தான் அந்தப் பாலித்தீன் பொட்டலத்தைத் தட்டி, "இது இருப்பதால்தான் ஏழு வருஷமாக நாங்கள் நிம்மதியாகத் தூங்குகிறோம்" என்றார். அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

இரவு பதினொன்றரைக்கு மாடியில் சர்சர் என்று சத்தம். தேங்காய் துருவுவது போல. பிறகு அத்தானே இறங்கி வந்தார். கழுத்தும் காதும் செக்கச்செவேல் என்று இருந்தன. அம்மா பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: அண்ணாச்சி வீட்டு முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி. திருநீற்றைக் குழைத்து என்னிடம் தந்து தேய்க்கச் சொன்னாள். நான் தேய்க்கத் தேய்க்க அவர் துள்ளினார்.

தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போனபோதுதான் பார்த்தேன். அந்தப் பாலித்தீன் உறை, நான்காக மடித்து, எண்ணெய்த் தூக்குக்குக் கீழே பத்திரமாக இருந்தது. உள்ளே பஞ்சு இல்லை.

மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்த தலையணையில் இலவம்பஞ்சு தோசையாக அமுங்கிக் கிடந்ததாம். மதியம் தையலைப் பிரித்து, இதையும் திணித்து, மறுபடி தைத்துவிட்டிருக்கிறாள். "அவர்தானே சொன்னார், இது இருந்தால்தான் தூக்கம் வரும் என்று!"

கண்ணாடித் தூள் தோலில் இறங்கினால் தேய்க்கவே கூடாது, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். குளியலறைக் குழாயைத் திறந்தால், மாடித் தொட்டித் தண்ணீர் அந்த நேரத்திலும் வெந்நீராகக் கொட்டியது. எனவே கிணறு. எனவே அண்ணாச்சி.

"ஏழு வருஷப் பழக்கம், தொட்டவுடன் தெரியவில்லையா அத்தான்?" என்றேன், ஆறாவது வாளியில்.

"நான் எங்கே தொட்டேன்? ஆள் வந்து போட்டுவிட்டுப் போனான்."

முருங்கை மேல் பழி போட்டது காதில் விழுந்ததிலிருந்து அண்ணாச்சி பேசுவதில்லை. முருங்கைக்காய் வரத்தும் நின்றுவிட்டது. நுரைச் செங்கல் சொதிச் சட்டிக்குப் பிரிமணையாகிவிட்டது. இரண்டில் எது என்று இன்னும் முடிவாகவில்லை. சாரல் தொடங்கிவிட்டால் எப்படியும் மறந்துவிடுவோம்.

அன்று அத்தானை முற்றத்தில் பத்தமடைப் பாயை விரித்துப் படுக்கவைத்தோம். மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக மாப்பிள்ளைக்கு எதிரில் உட்காராத அம்மா, அவர் தலைமாட்டில் தரையில் அமர்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். விசிறி ஒவ்வொரு முறையும் அவர் காதுக்கு மேலே கொஞ்சம் நின்று திரும்பியது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், சத்தம் போடாதே என்று விசிறியாலேயே விரட்டினாள். நான் அந்த மாடி அறைக்குப் போய்ப் படுத்தேன். தலையணை இல்லாமல்.