மலரில் இடம்பெறாத விமர்சனம்

நினைவு மலர் வேலையை என்னிடம் ஒப்படைத்தபோது சபா செயலாளர் போட்ட ஒரே நிபந்தனை: "யார் மனசும் நோகக்கூடாது சார்." சரி என்றேன். இறந்துபோனவருக்கு மலர் போடுகிறோம், அதில் யார் மனம் நோகப்போகிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இறந்தவர் எங்கள் பத்திரிகையின் சங்கீத விமர்சகர்; எனக்கு எப்போதும் 'சார்'. வந்து குவிந்த அஞ்சலிகளைப் படித்தால் சார் வாழ்நாளில் யாரையும் ஒரு சொல் குறை சொல்லாதவர் என்று தோன்றும். ரசிகர், நண்பர், இளம் கலைஞர்களைத் தட்டிக்கொடுத்தவர். எதுவும் பொய்யில்லை. ஆனால் மார்கழியில் அவருடைய பக்கம் வெளிவரும் நாளில் சில பாடகர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் பேப்பரைப் பிரித்தார்கள் என்பதும் பொய்யில்லை. அந்தப் பக்கத்தைப் பல வருடம் திருத்தியவன் நான். மறுநாள் காலையில் வரும் போன்களையும் நான்தான் எடுப்பேன்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதுமில்லை. ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிய காலத்திலிருந்தே கச்சேரியோடு விமர்சனத்துக்கும் தனியாக ஒரு கூட்டம் உண்டு. கிண்டலுக்குப் பேர்போன விமர்சகர் சுப்புடு 2007-இல் காலமானார். இன்றைக்கும் அவர் பேச்சை எடுத்தால் யாரை எப்படிக் கிண்டல் செய்தார் என்பதுதான் முதலில் வரும், பாராட்டியதெல்லாம் அப்புறம்தான். சாருக்குக் கிண்டல் வராது. ஹாலில் என்ன கேட்டதோ அதைச் சாதாரணமாக எழுதிவிடுவார். அது இன்னும் ஆழமாகக் குத்தும்.

மலர் அச்சுக்குப் போகச் சில நாள் இருக்கும்போது மிருதங்க வித்வான் ஒருவர் என்னைத் தேடி வந்தார். சாரைவிட வயதில் மூத்தவர். பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் சொல்லவில்லை. பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய கட்டிங்கை எடுத்து மேஜையில் வைத்தார். ஓரத்தில் ஒரு பட்டுப்புடவை விளம்பரம் பாதியில் அறுந்திருந்தது. நடுவில் ஒரு பத்தியைச் சுற்றி நீல பால்பாயிண்டில் கட்டம். அன்றைக்கு மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் சத்தம் பாட்டின் அனுபல்லவிகளை விழுங்கிவிட்டது, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தாளக் கணக்கு இருந்தது, காதுக்கு ஓய்வு இல்லை, பாடகரும் ஒரு கை காட்டி அடக்கவில்லை என்று சார் எழுதியிருந்தார்.

"தம்பி, இதை மலர்ல போடணும்."

திட்டி எழுதியதையா என்று கேட்டேன்.

"ஆமா. தனி வந்தா எழுந்து போகாம உட்கார்ந்திருந்த ஒரே பத்திரிகைக்காரர் அவர்தான். திட்டுறதுக்காவது முழுசா கேட்கணும்ல?"

அப்புறம் அந்தச் சாயங்காலத்தை விவரித்தார். மேடையில் வாசிப்பவர்கள் தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்பதற்காக வைக்கும் ஸ்பீக்கரை, நம் சபாக்களில் 'ஃபீட்பேக்' என்போமே, அதை அன்று யாரோ அணைத்துவிட்டிருக்கிறார்கள். அவருக்குத் தன் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையும் கேட்கவில்லை, தொப்பியும் கேட்கவில்லை. கேட்காதவர் என்ன செய்வார், பலமாக அடிப்பார். மேடையில் ஒன்றுமில்லாததுபோல் இருந்தது ஹாலில் இடியாக இறங்கியிருக்கிறது. மறுநாள் சாருக்குப் போன் போட்டு இதைச் சொல்லியிருக்கிறார். சார் முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா டிக்கெட் வாங்கினவருக்கு ஹால்ல கேட்டதுதானே கச்சேரி?" என்றாராம். மறுப்பு போடவில்லை. ஆனால் அடுத்த வாரமே சபாக்களின் ஒலியமைப்பைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். 1966-இல் சங்கீத கலாநிதி விருது வாங்கிய மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றதில் தொடங்கி, கச்சேரிக்கு முன்னால் மேடையில் உட்கார்ந்து ஒலியைச் சரிபார்க்க வித்வான்களுக்கு ஏன் நேரம் கொடுப்பதில்லை என்று கேட்டு முடித்திருந்தார். அந்தக் கட்டுரை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு போன் இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

செயலாளரிடம் பேசினேன். "வேண்டவே வேண்டாம்" என்றார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பேப்பர் வேறு, மலர் வேறு. மலரை பைண்ட் செய்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். பத்து வருடம் கழித்து ஒரு மாணவன் அதைப் புரட்டும்போது, இந்த வித்வானைப் பற்றி அதில் இருப்பது அந்த ஒரு பத்திதான் என்றால்? ஃபீட்பேக் கதையெல்லாம் அவனுக்கு யார் சொல்வார்கள்? நான் அந்த ஒலியமைப்புக் கட்டுரையைப் போட்டேன். நல்ல கட்டுரை, சாரின் நியாய உணர்வைக் காட்டுவது, இன்றைக்கும் பொருந்துவது. இரண்டு தரப்புக்கும் ஒரு பாலம் போட்டுவிட்டோம் என்ற திருப்திகூட இருந்தது.

மலர் வெளியிட்ட அஞ்சலிக் கூட்டத்தன்று வித்வான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மலரைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மேடையில் அதே கச்சேரியின் பாடகர், சார் தனக்கு எப்படித் தகப்பன் மாதிரி இருந்தார் என்று குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் வித்வானிடம் போனேன். அந்தக் கட்டுரை வந்த பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"நல்ல கட்டுரை தம்பி. ஆனா இதுல நான் இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. என்ன பதில் சொன்னேன் என்பதும் நினைவில்லை. இடம், பக்கம் என்று ஏதோ உளறியிருப்பேன்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துணைக்கு வருவது சார் ஒருமுறை சொன்ன பதில்தான். அவருடைய விமர்சனங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் வந்தார். சார் மறுத்துவிட்டார். "நாளைக்கு இந்தப் பேப்பர் பழசாகிடும்கிற தைரியத்துலதான் இன்னிக்கு எழுதுறேன். புத்தகமா வந்தா அவங்க பேரன் படிப்பான்ப்பா." இதைவிட என்ன வேண்டும்? நான் செய்தது அவர் செய்ததைத்தான். இப்படிச் சொல்லி இரண்டு நாள் நிம்மதியாக இருப்பேன். அப்புறம் தோன்றும்: சார் பயந்தது தான் எழுதியது ஒருவருக்குத் தெரியாமல் அவரைத் துரத்தக்கூடாது என்றுதானே? இங்கே துரத்தப்படுகிறவரே அதைப் பத்திரமாக உறை போட்டு வைத்திருந்து, கொண்டுவந்து நீட்டுகிறார். அவருடைய மனம் நோகும் என்று தீர்மானிக்க நான் யார்? ஒருவேளை அவருக்கு அது அவமானச் சின்னமாகவே இல்லாமல் இருக்கலாம். பக்கவாத்தியத்துக்கு 'பக்கபலமாக வாசித்தார்' என்று ஒரு வரி ஒதுக்குவதுதான் நம் பக்கங்களின் வழக்கம். நானே எத்தனையோ தடவை இடமில்லாமல் அந்த வரியையும் வெட்டியிருக்கிறேன். அவருக்கு ஒரு முழுப் பத்தி கிடைத்தது அந்த ஒரு முறைதானோ என்னவோ.

இன்னொன்றும் உண்டு. பாடகரும் கை காட்டி அடக்கவில்லை என்ற அந்த வாக்கியம். பேசப்போகிறவர்களில் முக்கியமானவர் அவர், மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். வித்வானின் நலனுக்காகத்தான் விட்டேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், பெரும்பாலும் நம்பவும் செய்கிறேன். ஆனால் அந்தக் கட்டிங்கை முதலில் படித்தபோது என் கண் எந்த வரியில் நின்றது என்று கேட்டால், தொப்பிச் சத்தத்தில் நின்றதாக அடித்துச் சொல்ல முடியாது.

சக ஊழியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "விடுங்க, சாரே இருந்திருந்தா போட வேண்டாம்னுதான் சொல்லியிருப்பார்" என்றார். இருக்கலாம். எனக்கென்னவோ, அவர் முதலில் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. இடம் இல்லையென்றால் தன் கட்டுரையிலேயே முதலில் கை வைக்கச் சொல்கிற ஆள். இடம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பாதி காலியாகிவிட, அதை நிரப்ப ஒரு குத்துவிளக்குப் படம் போட்டோம்.