எங்களுக்குக் கதிர் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே படம் எடுக்கும் படிப்பு, படித்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஆசிரியர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். இயற்பியல் எடுத்தவர் முனைவர் பட்டம் வாங்கியவர். தூரம் இரட்டிப்பானால் கதிரின் செறிவு நான்கில் ஒரு பங்காகும், எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் கிலோவோல்ட் மின்னழுத்தத்தை 15 சதவீதம் கூட்டினால், படத்தைப் பதிவு செய்யும் டிடெக்டருக்குப் போகும் கதிர் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று அழகாகக் கணக்குப் போட்டுக் காட்டுவார். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினோம், ஆனால் நோயாளி வந்து நின்றால் கை ஓடவில்லை.

பொசிஷனிங், அதாவது நோயாளியைப் படத்துக்குச் சரியாக நிறுத்தும் முறை, சொல்லிக்கொடுத்தவர் டிப்ளமாதான், ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்தவர். நெஞ்சுப் படத்துக்குத் தோளை முன்னால் தள்ளுவதை அவர் செய்து காட்டினால் போதும், தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது. ஏன் எக்ஸ்ரே குழாயை 180 சென்டிமீட்டர் தள்ளி வைத்து எடுக்கிறோம் என்று கேட்டால் மட்டும், "அப்படித்தான் எடுக்கணும்" என்பார்.

இரண்டையும் இணைத்தவர் அப்புறம் வந்த மேடம். வேலை பார்த்து, பட்டம் படித்து, கற்பிப்பதற்கென்று தனியாகப் பயிற்சியும் எடுத்தவர், அதோடு எக்ஸ்ரே அறை வேலையையும் விடவில்லை. ஒரு படத்தைத் திரையில் போட்டு, "நோயை அப்புறம் தேடலாம், படம் நேராக இருக்கிறதா சொல்லுங்கள்" என்பார். இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து ஒரே தூரத்தில் இல்லையென்றால் நோயாளி திரும்பி நின்றிருக்கிறார் என்று அர்த்தம். கிட்ட வைத்து எடுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும், அதற்குத்தான் அந்த 180 என்று அவரிடம்தான் புரிந்துகொண்டோம். பிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும், டிஜிட்டலில் படம் இன்னும் தெளிவாகவே வரும், நோயாளி வாங்கிய கதிர் அளவு (டோஸ்) கூடியது கண்ணுக்குத் தெரியாது, அதனால் டிடெக்டருக்கு எவ்வளவு கதிர் போனது என்று காட்டும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் எண்ணைப் பார்க்காமல் யாரையும் அனுப்பக்கூடாது என்று விடாமல் சொல்லுவார். பிலிம் காலத்தோடு படிப்பை நிறுத்திய ஆசிரியருக்கு இது எப்படித் தெரியும்? மேடம் வந்தபிறகு நாங்கள் திரும்ப எடுக்கும் படங்கள் நன்றாகவே குறைந்தன.

பள்ளி ஆசிரியர்களைப் பற்றிய பல ஆய்வுகளிலும் மேல்பட்டம் மட்டும் இருப்பதால் மாணவர் தேர்ச்சி பெரிதாக உயரவில்லை, கணிதம் போன்ற பாடங்களில் அந்தப் பாடத்திலேயே படித்திருந்தால் பலன் தெரிந்திருக்கிறது. எங்கள் வகுப்பிலும் அதைத்தான் பார்த்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் நாம் நம் கல்லூரிக்குக் கருவி வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறோம், சரி, நல்லதுதான். அதற்கு முன் அங்கே இப்போது கற்பிக்கிற இளம் ஆசிரியர்களுக்கு சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ மேற்படிப்புக்கும் கற்பித்தல் பயிற்சிக்கும் நம் சங்கம் பணம் ஒதுக்கட்டும், முதல் பங்கை நான் தருகிறேன்.